பெயர் சொல்லப்படாத நால்வர்: இலங்கையில் தூக்குத்தண்டனையை மீட்க 2019இல் நடந்த முயற்சி

எடுத்துக்கொண்ட நிகழ்வு

2019 ஜூன் 26ஆம் திகதி இலங்கையின் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ஊடகவியலாளர்களைச் சந்தித்தார். போதைப்பொருள் குற்றத்துக்காக மரணதண்டனை விதிக்கப்பட்ட நான்கு கைதிகளைத் தூக்கிலிடும் ஆவணங்களில் ஒப்பமிட்டுவிட்டதாகவும், நாளும் குறித்தாகிவிட்டது என்றும் சொன்னார். யார் அந்த நால்வர், எந்த நாள் என்பதைச் சொல்லவில்லை. ஜூலை 5ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நால்வரும் தூக்கிலிடப்படவில்லை.

கொடுங்குற்றத்துக்குத் தூக்குத்தண்டனையை மீண்டும் கொண்டுவரலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், "இப்படியொரு காரியம் செய்தவன் உயிரோடு இருக்கலாமா?" என்ற கேள்வியில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. 2019இல் நடந்தது அதற்கு அடுத்த கேள்விக்கு நம்மை இழுத்துச் செல்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரணதண்டனைக் கைதிகள் இருக்கும் நாட்டில் முதலில் யாரைத் தூக்கிலிடுவது, அதை யார் தெரிவு செய்வது, எதை வைத்துத் தெரிவு செய்வது? சட்டம் படிப்போருக்கும் சிறைகளோடு வேலை செய்வோருக்கும் பயன்படும் என்பதால் அந்த இழையைப் பிடித்தே இந்த ஆய்வு செல்கிறது. தமிழகத்து வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: இலங்கையில் நாட்டின் உச்ச நிலை மன்றமே உயர் நீதிமன்றம், கொலை வழக்குகளை விசாரிப்பது மேல் நீதிமன்றம்.

பின்னணி: சட்டத்தில் உண்டு, நடைமுறையில் இல்லை

இலங்கையில் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976 ஜூனில். அதன்பின் தண்டனை சட்டத்திலிருந்து நீக்கப்படவில்லை. நிறைவேற்றுவது மட்டும் நின்றது. நீதிமன்றங்கள் தொடர்ந்து மரணதண்டனை விதித்தே வருகின்றன. மேல் நீதிமன்றங்கள் சிலவற்றில் அந்தத் தீர்ப்பை வாசிக்கும்போது மின்விளக்குகளை அணைப்பார்கள். மன்றில் உள்ள அனைவரும் எழுந்து நிற்பார்கள். "ஜனாதிபதி தீர்மானிக்கும் நாளில், சிறைச்சாலை மதிலுக்குள், உயிர் பிரியும்வரை தூக்கிலிடப்பட வேண்டும்" என்று வாசித்து முடித்ததும் நீதிபதி பேனாவை முறித்துப்போடுவார். பிறகு கைதி சிறைக்குத் திரும்புவார். அந்த நாள் வருவதேயில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இதுவே வழக்கம்.

தண்டனையை நிறுத்துவதும் மீட்பதும் அந்த நாட்டுக்குப் புதிதல்ல. எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க அரசு 1958இல் மரணதண்டனையைச் சட்டம் இயற்றியே இடைநிறுத்தியது. மறு ஆண்டு செப்டெம்பரில் அவரே சுட்டுக் கொல்லப்பட்டார். சில வாரங்களுக்குள் அந்தச் சட்டம் நீக்கப்பட்டுத் தூக்குத்தண்டனை திரும்பி வந்தது. அவரைச் சுட்ட பௌத்த பிக்கு 1962 ஜூலையில் தூக்கிலிடப்பட்டார். கொலைச் சதியில் குற்றவாளிகளாகக் காணப்பட்ட மற்ற இருவர் தப்பினார்கள். அவசரத்தில் எழுதிய மீட்புச் சட்டம் சதிக் குற்றத்தை உள்ளடக்கவில்லை என்று கண்ட மேன்முறையீட்டு மன்றம், அவர்களின் தண்டனையை ஆயுள் சிறையாக்கியது. கோபத்தில் எழுதிய சட்டம் எய்தவரை விட்டு அம்பைப் பிடித்த கதை அது.

1984இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டது. இரண்டு கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஹெரோயினை வைத்திருந்தாலோ கடத்தினாலோ மரணதண்டனை அல்லது ஆயுள் சிறை என்றானது. பொலிஸார் கைப்பற்றும் பொடி அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்துக்குப் போகும். அங்கிருந்து வரும் அறிக்கையில் உள்ள தூய ஹெரோயினின் நிறையே வழக்கின் திசையை முடிவு செய்யும். ஒரு சிட்டிகை கூடினாலும் குறைந்தாலும் தண்டனையின் வகையே மாறிவிடும்.

2004 நவம்பரில் கொழும்பு மேல் நீதிமன்ற நீதிபதி ஒருவர் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க மறுநாளிலிருந்தே மரணதண்டனை நடைமுறைக்கு வரும் என அறிவித்தார். வரவில்லை. அறிவிப்பு, பரபரப்பு, பின் மறதி என்பது அப்போதே பழகிப்போன ஒழுங்கு.

2015: இரண்டு ஊர்களின் கோபம்

2015 மே மாதம் புங்குடுதீவில் பள்ளிக்குப் போன மாணவி ஒருவர் கடத்தப்பட்டு, கூட்டு வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணம் கொதித்தது. கடைகள் அடைக்கப்பட்டன, நீதிமன்றக் கட்டடத்தின்மீது கற்கள் விழுந்தன, நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். சந்தேகநபர்களைத் தங்களிடம் ஒப்படைக்கும்படி கேட்டவர்களும் இருந்தார்கள். மூன்று நீதிபதிகள் கொண்ட ட்ரயல் அட் பார் தீர்ப்பாயம் 2017 செப்டெம்பரில் ஏழு பேருக்கு மரணதண்டனை விதித்தது.

2015 செப்டெம்பரில், கம்பஹா மாவட்டத்தின் கொட்டதெனியாவவில், இரவில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த சிறுமி ஒருத்தி தூக்கிச் செல்லப்பட்டு வல்லுறவுக்குப்பின் கொல்லப்பட்டாள். "தூக்கில் போடு" என்ற குரல் இந்த முறை நாடு முழுவதும் ஒலித்தது. பாராளுமன்றம் சம்மதித்தால் தண்டனையை நிறைவேற்றத் தயார் என்று ஜனாதிபதியும் சொன்னார்.

அந்தக் குரல் உச்சத்தில் இருந்தபோது பொலிஸ் காவலில் இருந்தவர்கள் யார் என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். முதலில் பிடிபட்டவர்கள் பதினேழு வயதுப் பள்ளி மாணவனும் அயலைச் சேர்ந்த குடும்பஸ்தர் ஒருவரும். மரபணுப் பரிசோதனையில் இருவரும் இல்லை என்று தெளிவாயிற்று. அடுத்து வேறொருவர் கைதானார். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று பொலிஸ் அறிவித்தது. அவரது படமும் பட்டப்பெயரும் நாளிதழ்களில் வந்தன. அவரது மரபணுவும் பொருந்தவில்லை. கடைசியில் பொருந்தியது அவருடைய சகோதரரின் மரபணு. அந்தச் சகோதரருக்கு 2016 மார்ச்சில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது.

ஆக, ஒரு குற்றத்துக்கு நாடே ஆத்திரத்தோடு சுட்டிக்காட்டியவர்களில் மூன்று பேர் அதைச் செய்யாதவர்கள். மூவரையும் மீட்டது ஆய்வுகூடம். சிறுமியின் உடலில் அந்தத் தடயம் கிடைத்திராவிட்டால், "ஒப்புக்கொண்டவர்" என்ற அறிவிப்போடு மூன்றாமவரின் கதை எங்கே போய் நின்றிருக்கும் என்பது ஊகத்துக்குரியது. சாதாரணச் சட்டத்தில் பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது என்ற பாதுகாப்பாவது உண்டு. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அந்தப் பாதுகாப்பும் இல்லை. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரி முன் சொன்னதை வைத்தே தண்டிக்கலாம். வடக்கிலும் கிழக்கிலும் தூக்குத்தண்டனை பற்றிப் பேசும்போது பலருக்கு நாக்கு இருபக்கமும் இழுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். புங்குடுதீவுக்காகத் தூக்கைக் கேட்டவர்களின் உறவினர்களிலேயே இப்படிப்பட்ட வாக்குமூலத்தில் உள்ளே போனவர்களும் இருப்பார்கள்.

2018 ஜூலை: முடிவும் அதற்குச் சொன்ன காரணமும்

மூன்று ஆண்டுகள் கழித்து முடிவு எடுக்கப்பட்டபோது, இலக்கு சிறுமிகளைக் கொன்றவர்கள் அல்ல. சிறையில் இருந்துகொண்டே போதைப்பொருள் வியாபாரத்தைத் தொடர்ந்து நடத்தும் மரணதண்டனைக் கைதிகளைத் தூக்கிலிட 2018 ஜூலையில் அமைச்சரவை இணங்கியது.

சொன்ன காரணம் பொய்யல்ல. கைத்தொலைபேசி சிறைக்குள் தாராளமாகப் புழங்கியது. உள்ளே இருப்பவர் சொல்ல, வெளியே சரக்கு கைமாறியது. ஹெரோயினுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் இந்த முடிவு ஆறுதலாகவே போய்ச் சேர்ந்தது. அந்த ஆறுதலை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. ஆயினும் காரணத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் அது எதைக் காட்டுகிறது? அரசின் பூட்டுக்குள், அரசின் காவலர்கள் கண்முன் வியாபாரம் நடக்கிறது என்பதைக் காட்டுகிறது. தொலைபேசியை உள்ளே விட்டவர் யார் என்ற விசாரணைக்குக் கிடைக்க வேண்டிய வேகம் தூக்குமேடைக்குக் கிடைத்தது. அதோடு, ஒருவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது அவர் வெளியில் செய்த குற்றத்துக்காக. அவரைத் தூக்கிலிடத் தெரிவு செய்வது உள்ளே செய்ததாகச் சொல்லப்படும் வேறொரு குற்றத்துக்காக. அந்த இரண்டாம் குற்றத்தை எந்த நீதிமன்றமும் விசாரித்துத் தீர்ப்பளிக்கவில்லை. இந்த இடைவெளியை அப்போது பேசியவர்கள் குறைவு. விவாதம் முழுவதையும் "வேண்டும்", "வேண்டாம்" என்ற இரண்டு குரல்களே எடுத்துக்கொண்டன.

2019 ஜனவரியில் ஜனாதிபதி பிலிப்பைன்ஸ் சென்று, ரொட்ரிகோ டுட்டெர்ட்டே நடத்திய போதைப்பொருள் ஒழிப்புப் போரை உலகத்துக்கே எடுத்துக்காட்டு என்று பாராட்டினார். அதற்கு ஒரு மாதம் முன்பு, 2018 டிசம்பரில், மரணதண்டனையை நிறுத்திவைக்கக் கோரும் தீர்மானத்துக்கு ஐ.நா. பொதுச்சபையில் இலங்கை ஆதரவாக வாக்களித்திருந்தது. ஒரே அரசுதான் இரண்டையும் செய்தது.

அலுகோசு தேடல்

தூக்கிலிடுவதற்கு ஆள் இல்லை. அலுகோசு, அதாவது தூக்கிலிடுபவர், பதவியில் இருந்தவர் 2014இல் தூக்குமேடையைப் பார்த்ததும் அதிர்ந்துபோய் விலகிவிட்டார். அதன்பின் நியமிக்கப்பட்ட ஒருவர் வேலைக்கே வரவில்லை. 2019 பெப்ரவரியில் சிறைச்சாலைகள் திணைக்களம் இரண்டு இடங்களுக்கு விளம்பரம் செய்தது. பதினெட்டுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்ட ஆண், நன்னடத்தை வேண்டும், மனத்திடம் வேண்டும், மாதச் சம்பளம் 36,310 ரூபாய். நூற்றுக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். ஜூனில் இருவர் தெரிவானார்கள்.

அலுகோசுக்குரிய தகுதிகளைப் பத்திரிகையில் அச்சிட்ட அரசு, தூக்கிலிடப்படுபவர் எந்த அளவுகோலில் தெரிவாகிறார் என்பதை எங்கும் அச்சிடவில்லை.

2019 ஜூன்: அறிவிப்பு

ஏப்ரல் 21 அன்று நடந்த உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளில் 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருந்தார்கள். முன்னெச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியது ஏன் என்று பாராளுமன்றத் தெரிவுக்குழு விசாரித்துக்கொண்டிருந்தது. பாதுகாப்பு அமைச்சும் ஜனாதிபதியின் கையில்தான் இருந்தது. ஆண்டு முடிவுக்குள் ஜனாதிபதித் தேர்தல். இந்தச் சூழலில், சர்வதேச போதைப்பொருள் ஒழிப்பு நாளான ஜூன் 26 அன்று அறிவிப்பு வந்தது. காலத்தையும் அறிவிப்பையும் முடிச்சுப் போடுவது வாசகரின் விருப்பம். இரண்டும் அடுத்தடுத்து நடந்தன என்பது பதிவு.

போதைப்பொருள் குற்றத்துக்காக மரணதண்டனை பெற்றவர்கள் 48 பேர் எனவும், அவர்களில் 30 பேரின் மேன்முறையீடு நிலுவையில் இருக்கிறது எனவும் அப்போது சொல்லப்பட்டது. மிச்சம் 18. அதிலிருந்து நான்கு. பதினெட்டு எப்படி நான்கானது என்பதற்கு இன்றுவரை பொதுவெளியில் விளக்கம் இல்லை.

அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரையில் ஒரு வழிமுறை இருக்கிறது. மரணதண்டனை விதிக்கப்பட்டவர் விடயத்தில் வழக்கை விசாரித்த நீதிபதியின் அறிக்கையை ஜனாதிபதி பெற வேண்டும்; அது அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபரின் ஆலோசனைக்குப் போக வேண்டும்; பிறகு நீதி அமைச்சரின் பரிந்துரையோடு ஜனாதிபதியிடம் வர வேண்டும். மூன்று கைகள் தாண்டி வரும் அந்தக் காகிதங்களைக் கைதி பார்க்க வழியில்லை. அதில் பிழை இருந்தால் சுட்டிக்காட்ட அவருக்கு வாய்ப்பும் இல்லை. நால்வரின் பெயர் குடும்பத்தாருக்கும் சட்டத்தரணிகளுக்கும் அறிவிக்கப்படாததால், வெலிக்கடையிலும் மற்றச் சிறைகளிலும் இருந்த போதைப்பொருள் மரணதண்டனைக் கைதிகள் ஒவ்வொருவரும் அந்த நால்வரில் தாமும் ஒருவரோ என்று நினைக்க வேண்டிய நிலை. தமக்காகவா நீதிமன்றம் போவது என்று தெரியாமலே நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

இங்கே தமிழகத்தின் 2011 அனுபவத்தை வைத்துப் பார்க்கலாம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் மூவருக்கு வேலூர் சிறையில் செப்டெம்பர் 9 என்று நாள் குறிக்கப்பட்டது. பெயரும் நாளும் தெரிந்திருந்ததால் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுப்போட முடிந்தது. ஆகஸ்ட் 30 அன்று தடை கிடைத்தது. 2014இல் இந்திய உச்ச நீதிமன்றம், கருணை மனு நிராகரிக்கப்பட்டதைக் கைதிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அதற்கும் தூக்குக்கும் இடையே குறைந்தது பதினான்கு நாள் இருக்க வேண்டும் என்றது. அதே ஆண்டில் அந்த மூவரின் தண்டனையும் தாமதத்தைக் காரணம் காட்டி ஆயுளாகக் குறைக்கப்பட்டது. தண்டனையை வைத்திருக்கும் நாடு குறைந்தபட்சம் செய்ய வேண்டியது அது. 2019இல் கொழும்பில் அதுவும் இல்லை.

நீதிமன்றத்துக்குப் போன வழி

மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ஊடகவியலாளர் ஒருவர் எழுத்தாணை (ரிட்) கோரினார். உயர் நீதிமன்றத்தில் சிவில் அமைப்புகளும் தனிநபர்களும் கைதிகள் தரப்பும் அடிப்படை உரிமை மீறல் மனுக்களைத் தாக்கல் செய்தார்கள். யாரைத் தூக்கிலிடப் போகிறார்கள் என்பது தெரியாததால் வாதம் நால்வரின் குற்றத்தைச் சுற்றிச் செல்ல முடியவில்லை. நடைமுறையைச் சுற்றியே சென்றது. பெயரை மறைத்த செயலே விவாதத்தை அந்தப் பாதையில் திருப்பியது என்பது என் கணிப்பு. பெயர்கள் வெளிவந்திருந்தால் அடுத்த நாள் பத்திரிகைகள் அவர்களின் குற்றக் கதையைத்தான் அச்சிட்டிருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியமும் பல தூதரகங்களும் எதிர்ப்புத் தெரிவித்தன. ஏற்றுமதிக்கு ஒன்றியம் தரும் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை பறிபோகலாம் என்ற பேச்சு ஆடை ஏற்றுமதியாளர்களைக் கலக்கியது. உள்நாட்டு விவகாரத்தில் வெளியார் தலையீடு என்று ஜனாதிபதி பதிலடி கொடுத்தார். சலுகை போகும் என்ற அச்சத்தால் ஓர் உயிரைக் காப்பது வலுவில்லாத வாதம் என்றே நினைக்கிறேன்; சலுகை இல்லாத நாளில் அந்த வாதமும் இல்லாமல் போகும்.

ஜூலை 5 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒக்டோபர் 30 வரை எவரையும் தூக்கிலிடத் தடை விதித்தது. பின்னர் தடை நீடிக்கப்பட்டது. மரணதண்டனையை ஒழிக்கும் தனிநபர் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டபோது, அது நிறைவேறினால் தேசிய துக்க தினம் அறிவிப்பேன் என்றார் ஜனாதிபதி. அது நிறைவேறவில்லை.

தொடர்ந்தவை

நவம்பர் 16 ஜனாதிபதித் தேர்தல். அதற்கு ஒரு வாரம் முன்பு, பதவியை விட்டு விலகவிருந்த அதே ஜனாதிபதி ஒரு கைதிக்கு மன்னிப்பு வழங்கினார். 2005இல் கொழும்பு புறநகரில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் இளம்பெண்ணை அடித்துக் கொன்ற வழக்கு அது. மேல் நீதிமன்றம் பன்னிரண்டு ஆண்டு சிறை விதித்ததை மேன்முறையீட்டு நீதிமன்றம் மரணதண்டனையாக உயர்த்தியிருந்தது. உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்திருந்தது. கைதி வசதியான குடும்பத்துப் பிள்ளை. வெளியே வந்தார், நாட்டை விட்டும் போனார். அந்த மன்னிப்பு செல்லாது என்று உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் தீர்ப்பளித்தது.

அடுத்த ஜனாதிபதி 2020 மார்ச்சில், நாடு கொரோனாவால் முடங்கியிருந்த வேளையில், இராணுவ சார்ஜன்ட் ஒருவரை விடுவித்தார். 2000 டிசம்பரில் மிருசுவிலில் தங்கள் வீடுகளைப் பார்க்கப் போன எட்டுத் தமிழரைக் கொன்று புதைத்த வழக்கில் மரணதண்டனை பெற்றவர் அவர். கொல்லப்பட்டவர்களில் ஐந்து வயதுக் குழந்தையும் உண்டு. உயர் நீதிமன்றம் அவரது மேன்முறையீட்டைத் தள்ளி ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. கொல்லப்பட்டோரின் உறவினர்களிடம் யாரும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.

இந்த மூன்று முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஹெரோயின் வழக்கில் சிக்கிய நால்வருக்குத் தூக்கு ஆணை, பணக்காரக் கொலையாளிக்கு மன்னிப்பு, எட்டுப் பேரைக் கொன்ற சிப்பாய்க்கு மன்னிப்பு. குற்றத்தின் கொடுமையை வைத்து இந்த வரிசையை யாராலும் விளக்க முடியாது. தூக்குத்தண்டனை வேண்டும் என்பவர்கள் மனத்தில் வைத்திருப்பது புங்குடுதீவும் கொட்டதெனியாவவும். அதிகாரம் கைக்கு வந்தபோது தெரிவானவர்கள் வேறு.

2022 ஓகஸ்டில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, தாம் மரணதண்டனைக்கு ஒப்பமிடப் போவதில்லை என்று சட்டமா அதிபர் மூலம் உயர் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார். அதே ஆண்டின் இறுதியில் போதைப்பொருள் சட்டம் மறுபடி திருத்தப்பட்டது. ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமைன் ஐந்து கிராமோ அதற்கு மேலோ இருந்தால் மரணதண்டனை விதிக்கலாம் என்று புதிதாகச் சேர்ந்தது. நிறைவேற்ற மாட்டேன் என்று ஒரு கை எழுத, விதிக்கலாம் என்று மறுகை எழுதியது.

மாற வேண்டியவை

முதலில், பெயரையும் நாளையும் மறைத்து ஒருவரைத் தூக்கிலிட முடியாது என்பது எழுத்தில் வர வேண்டும். ஜூலை 5இன் தடை ஒரு வழக்கில் கிடைத்த இடைக்காலப் பாதுகாப்பு; நாளை வேறொருவர் இரவோடிரவாகச் செய்ய நினைத்தால் தடுக்கும் நிலையான விதி இன்னும் இல்லை. 34ஆம் உறுப்புரையின் கீழ் வரும் நீதிபதியின் அறிக்கையும் சட்டமா அதிபரின் ஆலோசனையும் கைதியின் சட்டத்தரணிக்குக் கிடைக்க வேண்டும்.

இரண்டு கிராம் என்ற அளவு 1984இல் எழுதப்பட்டது. அந்த அளவில் சிக்குபவர் பெரும்பாலும் தெருமுனையில் கைமாற்றுபவர். கப்பலில் இறக்குபவரின் கை அந்தப் பொடியைத் தொடுவதே இல்லை. தண்டனையின் எல்லை நிறையிலா, வலையமைப்பில் ஒருவர் வகிக்கும் இடத்திலா என்பதைச் சட்டம் மறுபடி யோசிக்க வேண்டும்.

சிறைக்குள் நடக்கும் வியாபாரத்துக்கு வழக்குத் தொடுக்கலாம். தொலைபேசி எப்படி உள்ளே வந்தது, யார் பணம் வாங்கினார்கள் என்பதெல்லாம் சாட்சியத்தோடு நிரூபிக்கக்கூடிய குற்றங்கள். அந்த வழக்குகளில் கைதியோடு சேர்ந்து உத்தியோகத்தரும் கூண்டில் நிற்க வேண்டியிருக்கும். தூக்குமேடைக்கு அந்தச் சங்கடம் இல்லை.

கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு இந்த நடைமுறை எதிலும் இடமில்லை. மன்னிப்பானாலும் தூக்கானாலும் அவர்கள் மறுநாள் செய்தியில்தான் அறிகிறார்கள். ஒப்பமிடுவதற்கு முன் அவர்களுக்கு அறிவித்து, எழுத்தில் கருத்துப் பெற்று, அதைக் கோப்பில் சேர்க்கச் சட்டத்தில் ஒரு பிரிவு போதும். மிருசுவில் குடும்பங்களிடம் அப்படியொரு கடிதம் போயிருந்தால் 2020 மார்ச்சின் கோப்பில் அவர்களின் பதிலும் இருந்திருக்கும். மன்னிப்பை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களின் கையில் ஒரு ஆவணமாவது இருந்திருக்கும்.